உள்ளூராட்சியும் கணினியும்: சில சிந்தனைகள்

குடிமகன் அரசை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் உள்ளூராட்சி மன்றமேயாகும். பாராளுமன்றத்தைத் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் காணாதவரும், ஆதன வரி செலுத்தவும், கட்டட அனுமதி பெறவும், தெருவிளக்கு எரியவில்லையென முறையிடவும் பிரதேச சபையின் படியேறுகின்றார். அங்கே அவருக்கும் அரசுக்கும் இடையில் இருப்பது ஒரு பேரேடு. அதனை எழுதுபவர் யார், திருத்துபவர் யார், பார்ப்பவர் யார் என்னும் வினாக்களிலேயே பொறுப்புக்கூறல் தங்கியுள்ளது.

இதனை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, என் தந்தையார் கையிலெடுத்த சிலவற்றுள் காணி உறுதியும் வரிப் பற்றுச்சீட்டுகளும் இருந்தன. நாங்கள் மீண்டு வந்த வேளை, ஊர்ச் சபையில் முந்திய ஆண்டுகளின் பேரேடுகள் இருக்கவில்லை. வரி கட்டியமையை நிறுவும் சுமை கட்டியவர் தலையிலேயே விழுந்தது. பற்றுச்சீட்டு வைத்திருந்தோர் தப்பினர். வெறுங்கையுடன் திரும்பிய அயல்வீட்டு ஆச்சி கட்டிய வரியையே மீண்டும் கட்டினார்.

ஆதலால், சபைகளின் பதிவுகளைக் கணினியிலேற்றி ஏனைய திணைக்களங்களுடன் இணைக்கவேண்டும் என்னும் கருத்தை வரவேற்கின்றேன். ஆயினும் கணினி வந்தாற் பதிவு அழியாது என எண்ணுதல் பொருந்தாது. 2023 ஓகஸ்ட் மாதத்தில், கப்பம் கோரும் தீநிரலொன்று இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவையைத் தாக்கிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் மீட்கவியலாது போயின. அக்காலத்துக்குரிய பிரதிகள் வலையமைப்புக்குப் புறம்பாகப் பேணப்படாமையே காரணம்.

அழிவினும் நுட்பமான அச்சமொன்றும் எம்மிடையே உண்டு. பெயர் பதியப்படுதல் என்றாலே நெஞ்சு திடுக்குறும் காலத்தில் வாழ்ந்தவர்கள் நாம். பதிவுகள் இணையுந்தோறும் அரசின் கண்கள் பெருகுகின்றன. குடிமகனுக்கு மட்டும் கண் இல்லையாயின், அவ்விணைப்பு சேவையன்று, கண்காணிப்பே.

இவ்விடத்து எஸ்தோனியாவின் அனுபவம் நோக்கத்தக்கது. அங்கு 2001 முதல் இயங்கும் 'எக்ஸ்-றோட்' என்னும் இணைப்புமுறை தரவுகளை ஓரிடத்திற் குவிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பதிவைத் தானே பேணும். ஒன்று மற்றொன்றிடம் தகவல் கேட்கும்போது அப்பரிமாற்றம் மறைகுறியாக்கப்பட்டு, இலத்திரனியல் ஒப்பத்துடனும் நேரக்குறிப்புடனும் பதியப்படுகின்றது. குடித்தொகைப் பதிவேட்டில் தன் விபரத்தை எந்நிறுவனம் எப்போது பார்த்தது என்பதைக் குடிமகன் தானே கண்டறியலாம். 2017 செப்ரெம்பரில், சுமார் 750,000 அடையாள அட்டைகளிற் பாதுகாப்புக் குறைபாடு இருப்பதாக அவ்வரசு பகிரங்கமாக அறிவித்தது. இணையவழியாகவும் வாக்களிக்கப்படும் உள்ளூராட்சித் தேர்தல் மறுமாதமே நடைபெறவிருந்தது. ஆயினும் குறை மறைக்கப்படவில்லை. பாதுகாப்பு என்பது பூட்டு மட்டுமன்று; பூட்டுப் பழுதானால் வீட்டுக்காரருக்குச் சொல்வதும் அதன்பாற்பட்டது.

எமது நாட்டிலும் இதற்கான சட்ட அடித்தளம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைத் தந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டுள்ளது. எனினும் சட்டம் வழங்கும் உரிமையைக் கருமபீடத்தில் மெய்யாக்குவது தொகுதியின் வடிவமைப்பே. திருத்தமொவ்வொன்றும் திருத்தியவர் பெயருடன் நிலைத்தல், பிரதி வேறோரிடத்திற் பேணப்படல், தன் பதிவைத் தமிழிலும் சிங்களத்திலும் எவரும் பார்க்க இயலுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

நாளை இத்தொகுதிகளை வடிவமைக்கப் போகின்றவர்களுட் பலர் இன்று எமது விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். 'எவ்வளவு விரைவாக இயங்கும்?' என்று கேட்குமுன், 'யார் பார்த்தார் என்பதை யார் பார்க்கலாம்?' என்று அவர்கள் கேட்பார்களாக.