கொம்புக்கு வயது வேண்டும்

"ஒரு மானைச் சுடுவதற்கு எட்டு வருடம் காத்திருப்பார்களா?" என்று நான் ஆச்சரியத்தோடு கேட்டேன்.

"எட்டு வருஷம் கொறவு மாமா. இருபது வருஷமாகக் காத்துக்கிட்டு இருக்கிறவங்களும் இருக்காங்க" என்றார் மருமகன்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள ஒமஹா நகரில் வசிக்கும் எனது ராத்தாவின் மகனிடம் போயிருந்தேன். அவரது பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தாறு. நானும் ஆசிரியன் என்று அறிந்ததும் மிகவும் அன்பாகப் பழகினார். ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசை முழுவதும் வரைபடங்களை விரித்து வைத்திருந்தார். அடுத்த வருடம் எங்கே வேட்டைக்குப் போவது என்று இடம் பார்க்கிறாராம்.

சகோதரிகளே, நமது நாட்டில் மான், மரை வேட்டை சட்டப்படி குற்றம். அங்கே அது அனுமதியோடு, கணக்கோடு நடக்கிறது. அவர் தேடுவது 'மியூல் டியர்' எனப்படும் மானை. மியூல் என்றால் கோவேறு கழுதை. அதன் காதுகளைப் போலவே நீண்டு அகன்ற காதுகள் இருப்பதால் இந்தப் பெயர். வால் நுனி கறுப்பு. வெருண்டால் நான்கு கால்களையும் ஒன்றாக ஊன்றித் துள்ளித் துள்ளி ஓடும். அமெரிக்காவின் மேற்குப் பகுதிதான் இதன் தாயகம்.

நெப்ராஸ்காவின் மேற்கிலும் இந்த மான் உண்டு. ஆனால், அம்மாநிலக் காணியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு தனியாருக்குச் சொந்தமானது. காணிக்காரரின் சம்மதமின்றிக் கால் வைக்க முடியாது. அதனால்தான் இவரைப் போன்றவர்கள், பொதுக்காணி பரந்து கிடக்கும் மேற்கு மாநிலங்களை நாடிப் போகிறார்கள். கொலராடோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மத்திய அரசின் காணி. நெவாடாவில் ஐந்தில் நான்கு பங்கு.

இவர் தேடுவது சாதாரண மானையல்ல, பெரிய கொம்புள்ள கிழட்டு ஆண் மானை. இதைக் கேட்டதும் எனக்கு மனம் கொஞ்சம் சுருங்கியது. உண்பதற்காக வேட்டையாடலாம், வீண் பெருமைக்காக ஓர் உயிரைக் கொல்லலாகாது என்று மாணவர்களுக்குப் படித்துக் கொடுப்பவன் நான். மறைக்காமல் அவரிடமே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வந்தால் கொலராடோவில் அது பாரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அப்படிச் செய்ய மாட்டேன். அந்த இறைச்சிதான் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டுக் கறி" என்றார்.

பிறகு கொம்பின் கதையைச் சொன்னார். மாட்டுக் கொம்பைப் போல இது நிரந்தரமானதல்ல. ஒவ்வொரு குளிர்காலத்திலும் விழுந்து, வசந்தத்தில் மீண்டும் முளைக்கும். நல்ல தீனி கிடைத்து, ஐந்தாறு வயதைக் கடந்த பிறகே அதன் முழு அளவு தெரியும். ஆனால் இரண்டு மூன்று வயதிலேயே சுடப்படும் ஆண் மான்கள் ஏராளம். ஆகவே, பெரிய கொம்புகள் இருக்கும் இடம் எதுவென்றால், மனிதர்கள் மான்களை வயதாக விட்டு வைத்த இடம். அனுமதிப்பத்திரங்களைக் குறைத்துக் கொடுக்கும் இடம். அல்லது கால்நடையாக மட்டுமே போகக்கூடிய இடம்.

இங்கேதான் காத்திருப்பு வருகிறது. காணி மத்திய அரசுடையது. அதில் நடக்க அந்நாட்டுப் பிரஜை எவருக்கும் உரிமை உண்டு. மானோ அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. வெளி மாநிலத்தவர் காணிக்குப் பங்காளி, மானுக்கு விருந்தாளி! அனுமதிப்பத்திரங்களில் பெரும்பங்கு உள்ளூரவருக்கே. கொலராடோவில் வெளியார் செலுத்தும் கட்டணமும் சுமார் பத்து மடங்கு அதிகம்.

விண்ணப்பித்துக் கிடைக்காவிட்டால் அந்த வருடத்துக்கு ஒரு புள்ளி சேரும். கொலராடோவில் இது கூட்டுறவுக் கடைக் கியூவைப் போன்றது. அதிகப் புள்ளி உள்ளவருக்கே முதலிடம். நெவாடா மாநிலத்திலோ புள்ளி கூடினால் குலுக்கலில் சீட்டுக் கூடும், அவ்வளவுதான். ஐடஹோவில் புள்ளிக் கணக்கே கிடையாது. இவரிடம் கொலராடோவில் எட்டுப் புள்ளிகள் இருந்தன. அனுமதி கிடைத்துவிட்டால் எட்டும் பூச்சியமாகிவிடும். அறுபத்தாறு வயதில் இன்னொரு எட்டு வருடத்தை யார் எண்ண முடியும்? அதனால்தான் இடம் தெரிவு செய்வதில் இவ்வளவு கவனம்.

யூட்டாவின் ஹென்றி மலைகள், அரிசோனாவின் வடக்கு ஓரம் ஆகியவை இந்த மானுக்குப் பேர் போனவை. அவற்றை அவர் தொடவில்லை. "அங்கே என் முறை வருவதற்கு முன் என் முழங்கால்கள் போய்விடும்" என்று சிரித்தார். முதலில் அவர் நினைத்திருந்தது கொலராடோவின் வடமேற்கை. ஆனால், 2022–23 குளிர்காலத்தில் அங்கே பனி கடுமையாகப் பெய்து, தீனியின்றி மான்கள் பெருந்தொகையாக மடிந்தன. மாநில அரசும் அங்கே அனுமதிகளைக் குறைத்தது. "பழைய பெயரைப் பார்த்துப் போகக் கூடாது. கடைசிக் குளிர்காலத்தைப் பார்த்துப் போக வேண்டும்" என்றார் பெரியவர். அதனால் அவர் பார்வை தெற்கே கனிசன் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பியது. "நானும் போறன் மாமா, நீங்களும் வாங்க" என்று மருமகன் அழைக்க, மூவருமாகப் புறப்பட்டோம்.

ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். டென்வரைக் கடந்ததும் மலைகள் எழும்பத் தொடங்கின. மொனார்க் கணவாயின் உயரம் 11,312 அடி. நமது பிதுருதலாகலை 8,281 அடிதான். அங்கே இறங்கிப் பத்து எட்டு வைத்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. கணவாயைத் தாண்டி இறங்கினால் கனிசன். மரங்களற்ற மேடுகள் எங்கும் சாம்பல் நிறத்தில் சேஜ்பிரஷ் என்னும் பற்றை. இலையைக் கசக்கி முகர்ந்தால் மருந்துக் கடை வாசனை. கோடையில் மான்கள் மேலே காட்டோரங்களில் மேயும். மேலே பனி மூடியதும் கீழே இறங்கி இந்தப் பற்றைகளை நம்பியே உயிர் பிழைக்கும். இங்கும் 2007–08 குளிர்காலத்தில் பனி மிஞ்சியபோது அதிகாரிகள் தீனி கொண்டுபோய்க் கொடுக்க நேர்ந்தது.

மறுநாள் இருட்டோடு ஒரு மேட்டில் போய் அமர்ந்தோம். விடிந்ததும் அவர் தொலைநோக்கியை என்னிடம் தந்தார். தூரத்துச் சரிவில் ஐந்து ஆண் மான்கள். கொம்புகளைப் பட்டுப் போன்ற மெல்லிய தோல் மூடியிருந்தது. ஒன்றின் கொம்பு காதுகளையும் தாண்டி இருபக்கமும் அகன்றிருந்தது. காதுகள்தாம் அளவுகோலாம். காதைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய மான்.

நான் மகிழ்ந்து போனேன். அவரோ வரைபடத்தை எடுத்தார். பச்சை தேசிய வனம். மஞ்சள் ஏனைய மத்திய அரசின் காணி. வெள்ளை தனியார் காணி. மான்கள் நின்ற சரிவு பச்சை. அவை நவம்பரில் இறங்கிச் சேரும் ஆற்றோரத்தில் பாதி வெள்ளை!

நம்மூர் எல்லை வேலித் தகராறுகள் அங்கேயும் உண்டு. 2021இல் வயோமிங் மாநிலத்தில், வேறு மாநிலத்திலிருந்து போன நான்கு வேட்டைக்காரர்கள், இரு பொதுக்காணிகள் மூலையோடு மூலை தொடும் இடத்தில் ஏணி வைத்து, தனியார் நிலத்தில் கால் படாமல் கடந்தார்கள். காணிக்காரர் வழக்குப் போட்டார். அவர்கள் அப்படிக் கடந்ததைத் தடுக்க முடியாது என்று 2025இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

மூன்று நாட்கள் சுற்றினோம். மோட்டார் வாகனம் செல்ல முடியாத வெஸ்ட் எல்க் வனப்பகுதியில் பெரிய மான்கள் இருக்கலாம் என்று மருமகன் சொன்னார். அவர் தலையசைத்தார். ஒரு மானில் முப்பது நாற்பது கிலோ இறைச்சி தேறும். அதைத் தோளில் சுமந்து, பல தடவை நடந்து கொண்டுவர வேண்டும். "சுடுவது ஒரு நிமிட வேலை. சுமக்க முடியாத இடத்தில் சுடுவது திருட்டைப் போன்றது" என்றார். கடைசியில் அவர் தெரிவு செய்தது, பாதையிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து போகக்கூடிய, பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் ஒரு சாதாரண மேட்டை. அதைப் பார்த்து யாரும் படம் பிடிக்க மாட்டார்கள்.

2024 ஏப்ரலுக்கு முன் விண்ணப்பித்தார். அனுமதி கிடைத்தது. நவம்பரில் போனார். டிசம்பரில் மருமகன் தொலைபேசியில் பேசியபோது முதலில் அதைத்தான் கேட்டேன்.

"அஞ்சு நாள் இருந்தார் மாமா. சின்ன மான் ரெண்டு கிட்ட வந்திச்சாம், விட்டுட்டார். நாலாம் நாள் பெரியதொன்றைக் கண்டார். ஆனா அது வேலிக்கு அங்கால, தனியார் காணியில. பொழுது படும்வரை பார்த்துக்கிட்டு இருந்தாராம். அது இங்கால வரவே இல்ல."

"இடத்தைப் பிழையாகத் தெரிந்தெடுத்துவிட்டேன் என்று கவலைப்படுகிறாரா?"

"இல்ல மாமா. மான் இருக்கும்னு சொன்ன இடத்தில மான் இருந்திச்சுதானே என்கிறார். இந்த வருஷக் கறிக்கு மாட்டிறைச்சி வாங்கி ஃபிரிட்ஜில வச்சிருக்கார். ஏப்ரலில திரும்பவும் விண்ணப்பிக்கப் போறாராம். முதலாவது புள்ளிக்கு!"

சகோதரிகளே, அந்த வேலி வெறும் கம்பி வேலி. சுற்றிலும் பல மைல் தூரத்துக்கு ஒரு மனிதர் இல்லை. எட்டு வருடக் காத்திருப்பு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அந்தப் பெரியவரோ வேலிக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டு வீடு திரும்பினார். அந்த மான் இன்னும் ஒரு வயது கூடி அங்கே எங்கேயாவது மேய்ந்து கொண்டிருக்கலாம்.