சாவி உள்ளேயே இருக்கு ஸார்!

ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். 'ஆபீஸ் போகிறவனுக்கு ஞாயிறை விட்டால் வேறு நாள் ஏது?' என்று கேட்பீர்கள். சனிக்கிழமை பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தெருவில் லேப்டாப் வாங்கிய பாதிப் பேருடைய பாட்டிகள் அப்படித்தான் படுத்து எழுந்தவர்கள்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, மவுண்ட் ரோடிலிருந்து கேசினோ தியேட்டர் பக்கமாக ஒதுங்கினால், நீங்கள் தேட வேண்டாம், தெரு உங்களைத் தேடி வரும். "என்ன பாஸ், லேப்டாப்பா? பிரிண்டரா? சர்வீஸா? உள்ள வாங்க பாஸ்!" உண்மையில் ரிச்சி தெரு என்பது ஒரு சின்னத் தெருவின் பெயர். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாவற்றையும் சேர்த்து ஜனங்கள் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். ரேடியோ உதிரி பாகத்தில் பிழைப்பைத் தொடங்கிய இடம் இது. பிறகு டேப் ரிக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர், இப்போது சி.சி.டி.வி. கேமரா என்று காலத்துக்குத் தக்கபடி போர்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தலைக்கு மேல் வயர், தோளில் இடிக்கும் அட்டைப்பெட்டி, நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு மீன்பாடி வண்டி நிறைய மானிட்டர்கள். டீ மட்டும் நன்றாக இருக்கும்.

நான் போனது ஒரு நண்பருக்காக. பி.காம்.மில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். பதினோரு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு, சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுத் தர தனியாகக் கிளம்பியிருக்கிறார். முதலீடு: ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, 17,000 ரூபாய்க்கு ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப். ஏதோ கம்பெனி கழித்துக் கட்டியது. விண்டோஸை விற்றவரே புதிதாகப் போட்டு, "எல்லாம் ஆக்டிவேட் பண்ணியாச்சு ஸார்" என்று கையில் கொடுத்திருக்கிறார்.

ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் எழுத்து முளைத்தது. 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்.' வேலை எதுவும் நிற்காது. ஆனால் எந்த ஃபைலைத் திறந்தாலும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், கல்யாண போட்டோவில் குறுக்கே நிற்கிற தூரத்து மாமா மாதிரி. எதிரே உட்கார்ந்திருந்த பெயின்ட் கடை முதலாளி அதைப் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, உங்க கம்ப்யூட்டரே டியூ கட்டாம நிக்குது போலிருக்கே? என் கணக்க நீங்க எப்படி ஒழுங்காக் கட்டுவீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அடுத்த மாதம் பில் புத்தகத்தோடு அவர் வரவில்லை.

விற்ற கடையில் போய்க் கேட்டோம். "அது அப்படித்தான் ஸார் வரும். ஒரிஜினல் கீ போட்டுடலாம், 1,500 ஆகும். இல்லேன்னா பழையபடியே ஃப்ரீயா ஒண்ணு ஓட்டித் தரேன். ஆன்டிவைரஸை மட்டும் கொஞ்சம் ஆஃப் பண்ணிக்குங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டுக்குப் பூட்டுப் போட வருகிறவன், 'முதலில் நாயைக் கட்டிப்போடுங்கள்' என்று சொன்னால் சரி. 'வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்' என்றால்? நண்பரின் லேப்டாப்பில் இருபது கடைகளின் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு இருக்கிறது. அதற்குள் ஊர் பேர் தெரியாத ஒரு புரோகிராமை ஓட்டிவிட்டு ராத்திரி தூக்கம் வருமா? சட்டம் வேறு இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே தொழிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால், குறைந்தது ஏழு நாள் ஜெயில், 50,000 ரூபாய் அபராதம். அதிகபட்சம் மூன்று வருஷம், இரண்டு லட்சம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து ஆரம்பித்த தொழிலில் இது வேண்டுமா?

நல்லவேளை, டீ மாஸ்டர் கை காட்டினார். "மாடில ஒரு அண்ணன் இருக்காரு, அவர்ட்ட காட்டுங்க."

ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படி. மேலே, வயிற்றைத் திறந்து வைத்த லேப்டாப்புகளுக்கு நடுவே, மூக்குக் கண்ணாடியோடு அந்த அண்ணன். டி.வி. ரிப்பேர் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறாராம். லேப்டாப்பை வாங்கியதும் முதலில் திருப்பி, அடிப்பக்கத்து ஸ்டிக்கரைப் படித்தார். பிறகுதான் ஆன் செய்தார்.

"ஸார், எம்.ஜி.ஆர். தெரியுமில்ல? அவருக்கு முன்னாடி எஸ்.எல்.னு இனிஷியல் போட்டுக்குங்க." விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினார். வந்த சின்னக் கட்டத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு, எக்ஸ், பி, ஆர். என்டர். செகண்ட்ஹேண்ட் வாங்குகிற யாரும் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. 'நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது' என்று வந்தால் பெரும்பாலும் நல்ல சேதி. 'வால்யூம் ஆக்டிவேஷன் இன்ன தேதியில் முடிகிறது' என்று தேதி வந்தால், அது கம்பெனிகளுக்காக உள்ள ஏற்பாடு. கம்பெனி சர்வரோடு தொடர்பு இருந்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் 180 நாளில் காலாவதி. அந்த சர்வர் மாதிரி வேஷம் கட்டி ஏமாற்றுகிற புரோகிராமைத்தான் நண்பருக்கு முதலில் ஓட்டியிருக்கிறார்கள். ஆறு மாதக் கணக்கு எனக்கு அப்போதுதான் டாலி ஆயிற்று.

"லைசென்ஸ் மூணு ஜாதி ஸார்" என்றார் அண்ணன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தனியாகக் கடையில் வாங்குகிற ரீடெயில் லைசென்ஸ், உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகலாம். கம்பெனிகள் மொத்தமாக வாங்குவது குவார்ட்டர்ஸ். வேலையை விட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, கம்ப்யூட்டர் செய்தவரே அதோடு சேர்த்து விற்கிற ஓ.ஈ.எம். லைசென்ஸ். அது கொல்லைப்புறக் கிணறு. வீட்டை வாங்குகிறவனுக்கே சொந்தம், பெயர்த்து எடுத்துப் போக முடியாது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இந்தக் கிணற்றை மதர்போர்டிலேயே தோண்டிவிடுகிறார்கள். 25 எழுத்துச் சாவி, பயாஸுக்குள் எழுதப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும், அழித்தாலும், அது அங்கேயே கிடக்கும். மதர்போர்டை மாற்றினால்தான் போச்சு. அதனால், செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது 'போர்டு மாத்தினதா?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

எக்ஸ்பி காலம் ஞாபகம் இருக்கிறதா? 2001-ல் ஆரம்பித்த இந்த ஆக்டிவேஷன் கூத்தில், டெலிபோனில் 50 எண்களை மூச்சு வாங்காமல் ஒப்பிக்க வேண்டும். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோதுதான் நிம்மதி. ஒருமுறை முறையாக ஆக்டிவேட் ஆன இயந்திரத்தின் ஜாதகம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிவிடும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்தால், 'அட, நீயா!' என்று அடையாளம் கண்டுகொள்ளும். கீ கேட்காது. பழைய சொந்தக்காரரைத் தேடிப் போகவும் வேண்டாம்.

அதே பதிப்பு. கோளாறு அங்கேதான். அண்ணன் இன்னொரு கட்டளை அடித்தார். பயாஸிலிருந்து சாவி வந்து விழுந்தது, 'ப்ரொஃபஷனல்' என்ற அடையாளத்தோடு. ஆனால் கடைக்காரர் போட்டிருந்தது 'என்டர்பிரைஸ்' பதிப்பு. எல்லா லேப்டாப்புக்கும் ஒரே பென் டிரைவில் சட்டசபை மாதிரி மொத்தமாக நிறைவேற்றியிருப்பார் போல. இந்தச் சாவி அந்தப் பூட்டில் சேரவில்லை. நண்பர் ஏற்கெனவே 17,000-த்தில் வாங்கிவிட்ட கிணற்றுக்குத்தான், 1,500 ரூபாய்க்குத் தண்ணீர் லாரி அனுப்பப் பார்த்திருக்கிறார்கள்!

ஃபைல்களை எல்லாம் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்தோம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கித் தயார் செய்த பென் டிரைவைச் செருகினார் அண்ணன். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11. நண்பருடையது எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் ஏற்றுக்கொண்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் இன்று தெருவில் கொள்ளை மலிவாகக் கிடைப்பதன் ரகசியமும் இதுதான்; அநேகமாக எதிலும் 11 முறைப்படி ஏறாது. விலையைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள்.

இன்ஸ்டால் ஆகும்போது எந்தப் பதிப்பு என்று கேட்கவே இல்லை. தானாகவே பயாஸைப் படித்து ப்ரொஃபஷனலை எடுத்துக்கொண்டது. வைஃபையில் சேர்த்தார். மறுபடி எம்.ஜி.ஆர். 'நிரந்தரமாக' என்று வந்தது. சாம்பல் எழுத்தைக் காணோம்.

ஆக்டிவேட் ஆகாத விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் போய் வால்பேப்பரை மாற்ற விடாது. நண்பர் முதல் வேலையாகத் திருச்செந்தூர் முருகனை எடுத்துத் திரையில் போட்டார்.

"எவ்வளவுண்ணே?"

"முந்நூறு குடுங்க ஸார். பில் போட்டா ஜி.எஸ்.டி.யோட 354."

நண்பர் என்னைப் பார்த்தார். முருகனைப் பார்த்தார். 354 எண்ணிக் கொடுத்து, பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.