சுவரில் ஒரு புள்ளி

திருநெல்வேலியினின்று பிழைப்பு நாடி நாம் நாக்பூருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற திங்களில் ஒரு மாலை, வாடகை வீட்டின் வெள்ளைச் சுவரில் நம் ஏழு வயது மகள் வண்ணக்குச்சியால் வட்டம் வட்டமாகக் கிறுக்கியிருக்கக் கண்டோம். வீட்டுக்காரர் என் சொல்வாரோ என்னும் அச்சத்தில் கையை ஓங்கிவிட்டோம். அவள் அழவில்லை, வண்ணக்குச்சியை முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இளமையில் கணக்கு நோட்டின் ஓரங்களில் நாம் வரைந்த நெல்லையப்பர் கோயில் யானை நினைவுக்கு வந்தது. “படம் சோறு போடுமா?” என்று வினவினார் தந்தையார். விடை அறியாது பென்சிலைக் கீழே வைத்தோம். குமாஸ்தா வேலை சோறு போட்டது, மெய்தான்.

இந்நகரின் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர் சையது ஹைதர் ராசாவை அப்போது எண்ணினோம். இன்றைய மத்தியப் பிரதேசத்துப் பாபரியா என்னும் சிற்றூரில், 1922இல், வனத்துறை ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பள்ளியில் மனம் ஓரிடத்தில் நில்லாமையால், ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு, அதையே நோக்கியிருக்கச் சொன்னாராம். பின்னர்ப் பம்பாயில், அச்சுக்குப் பிளாக் செய்யும் நிலையமொன்றில் பகலெல்லாம் உழைத்து, மாலையில் ஓவியம் கற்றார். 1950இல் பாரிஸ் சென்றார். 1956இல் பிரெஞ்சு விமரிசகர்களின் பரிசைப் பெற்றார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்தும், பிற்காலத்தில் அவருடைய ஓவியங்களின் நடுவே வந்தமர்ந்தது அப்பள்ளிப் புள்ளியே. ‘பிந்து’ என்று அதனை அழைத்தார். 2016இல் மறைந்தபின், அவர் விரும்பியபடியே, நர்மதைக் கரையிலுள்ள மண்ட்லாவில் தந்தையாரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

வரையும் குழந்தைகள் எல்லோரும் ராசா ஆவதில்லை. ஆயினும், சோற்றுக்கு ஒரு தொழிலும் மனத்திற்கு ஒரு தூரிகையுமாக அவரும் சில காலம் வாழ்ந்தார் அல்லவா? ஒன்றைக் கொள்ள மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று நாம்தாம் தவறாக எண்ணிவிட்டோம்.

மறுநாள் பெரிய தாள்கள் வாங்கிவந்து சுவரில் ஒட்டினோம். வீட்டுக்காரரிடம், காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தருவதாக உறுதி கூறினோம். பிறகு மகளை அருகழைத்து, அந்த வட்டங்கள் யாவை என்று கேட்டோம்.

“ஆச்சி வீட்டுக் கிணறு, அப்பா. எட்டிப் பார்த்தால் இப்படித்தானே இருக்கும்?” என்றாள்.

அவள் அக்கிணற்றைக் கண்டது ஒரே ஒரு கோடை விடுமுறையில்.