டம்ளர் எங்கே போச்சு?

எங்கள் வீட்டில் காபி டம்ளர்கள் மாயமாக மறைவது வழக்கம். கல்யாணச் சீரோடு வந்த எவர்சில்வர் டம்ளர் ஒரு டஜன். காலை பத்து மணிக்கு அலமாரியைத் திறந்தால் நாலுதான் இருக்கும். மிச்சம் எட்டும் எங்கே என்று துப்பறிய ஆள் வைக்க வேண்டியதில்லை. என் கம்ப்யூட்டர் மேஜையைப் பார்த்தால் போதும். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒன்று, ஜன்னல் திட்டில் ரெண்டு, பேப்பர் பறக்காமல் இருக்க ஒன்று...

"குடிச்சா கொண்டு வந்து ஸிங்க்ல போட மாட்டீங்களா? கை என்ன தேஞ்சா போயிடும்?" என்பாள் மனைவி.

"இதோ..." என்பேன். அதோடு சரி.

இந்தப் பழக்கம் வீட்டோடு நின்றிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. ஆபீஸ் வரைக்கும் வந்து, ஒரு நாள் ஒரு காலேஜையே ஸ்தம்பிக்க வைத்துவிட்டது.

என் பிழைப்பு ஜாவா. காபிப் பொடி வியாபாரம் என்று நினைத்துவிடாதீர்கள். (அதன் சின்னத்தில் ஆவி பறக்கும் கோப்பை இருப்பது மட்டும் நிஜம்!) 1995-ல் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி. 2010-ல் அந்தக் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஃபீஸ் கட்டுவது, டிக்கெட் எடுப்பது என்று நீங்கள் தட்டுகிற எத்தனையோ பட்டன்களுக்குப் பின்னால் இது உட்கார்ந்திருக்கிறது.

வெப் அப்ளிகேஷன் என்பது ஓட்டல் மாதிரி. நீங்கள் பிரௌஸரில் உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கிறீர்கள். டாம்கேட் என்று ஒரு சர்வர் (பெயரே சர்வர்தான் சார்!) அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். நாங்கள் எழுதி வைத்த ஜாவா, மாஸ்டர் மாதிரி அடுப்படியில் நிற்கும். சரக்கெல்லாம் டேட்டாபேஸ் என்கிற ஸ்டோர் ரூமில்.

404 என்று திரையில் வந்தால், 'அந்த அயிட்டம் இங்கே இல்ல சார்' என்று அர்த்தம். விலாசத்தை நீங்கள் தப்பாக அடித்திருப்பீர்கள், அல்லது மெனு கார்டில் நாங்கள் தப்பாக எழுதியிருப்போம். 500 என்று வந்தால் உள்ளே அடுப்பு வெடித்துவிட்டது. கஸ்டமர் மேல் குற்றமே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் அரை நாள் தேடினவர்கள் உண்டு. அடியேனும் அதில் அடக்கம்.

அப்புறம் தினசரித் தலைவலிகள். காலையில் புரோகிராமை ஓடவிட்டால் '8080-ல் ஏற்கெனவே ஆள் இருக்கு' என்று மறுக்கும். டாம்கேட் வழக்கமாக உட்காரும் இடம் அந்த 8080. நேற்று நாம் நிறுத்த மறந்த பழைய புரோகிராமே பஸ் ஸீட்டில் துண்டு போட்ட மாதிரி அங்கே உட்கார்ந்திருக்கும். அதை எழுப்பி அனுப்பினால் சரியாகிவிடும்.

இன்னொன்று, பழைய புரோகிராமைக் கொண்டு போய் டாம்கேட் 10-ல் வைப்பது. அதற்கு முன்பு வரை 'ஜாவாஎக்ஸ்' என்று ஆரம்பித்த பல பெயர்கள் அதில் 'ஜகார்த்தா' ஆகிவிட்டன. மவுண்ட் ரோடு என்று எழுதினாலும் நம்ம தபால்காரர் அண்ணா சாலையில் கொண்டு போய்க் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. 'அப்படி ஒரு விலாசமே இல்லை' என்று கையை விரித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் தாத்தா 'நல்'. ஒன்றுமே இல்லாததைப் பிடித்து வேலை வாங்கப் பார்ப்பது. ஆள் இல்லாத வீட்டில் போய் "தண்ணி கொடுங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்? 1965-ல் இதைக் கண்டுபிடித்த டோனி ஹோர் என்ற மேதை, 2009-ல் ஒரு கூட்டத்தில், இது தான் செய்த நூறு கோடி டாலர் தப்பு என்று வருத்தப்பட்டார். நூறு கோடி டாலர் தப்பு செய்தவரே மேடையேறி ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு சமயம் எங்களை ஒரு விசித்திரமான வியாதி ரெண்டு வாரம் ஆட்டி வைத்தது. காலை ஒன்பது மணிக்கு முதலில் வருகிறவருக்கு மட்டும் எரர். ரெண்டாவது தடவை தட்டினால் ஜம்மென்று ஓடும். ராத்திரி வாட்ச்மேன் ஏதோ ஸ்விட்சை அணைக்கிறார் என்று அவரைச் சந்தேகப்பட்டோம். விஷயம் என்னவென்றால், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், தன்னோடு 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம், பேசாமல் சும்மா இருக்கும் தொடர்பைத் தானே துண்டித்துவிடும். அதை யாராவது மாற்றி வைத்தால்தான் உண்டு. ராத்திரி யாரும் வரவில்லை, துண்டித்துவிட்டது. இது தெரியாமல் ஜாவா காலையில் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ... ஹலோ..." என்றிருக்கிறது. நம் பக்கத்துத் தொடர்புகளை எட்டு மணி நேரத்துக்கு முன்பே புதுப்பிக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது.

வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டோமா? நல்ல கேள்வி. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

2019, ஜூன் மாதம். ஒரு காலேஜுக்கு ஃபீஸ் கட்டும் வெப்ஸைட் நாங்கள் செய்து கொடுத்தது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள், சாயங்காலம் நாலு மணி. ஸைட் உறைந்துவிட்டது. பட்டனைத் தட்டினால் அரை நிமிஷம் சக்கரம் சுற்றும். பிறகு 500.

வெப்ஸைட் போனால் நாங்கள் செய்கிற முதல் உதவி, நிறுத்தி மறுபடி ஓடவிடுவது. செய்தோம். ஓடியது. நாற்பது நிமிஷத்தில் மறுபடி உறைந்தது.

மானேஜர் வந்து நின்றார். "நேத்து யாருப்பா இதுல கை வச்சது?"

எல்லார் கண்களும் ஒரே பக்கம் திரும்பின. மூணு மாதம் முன்னால் சேர்ந்த தம்பி. மதுரைப் பக்கம். முந்தின நாள் ரசீதில் காலேஜ் பெயரைத் தமிழில் வர வைத்திருந்தான். அதற்கு முன் அந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரிசையாக வரும். பக்கம், தொடர்பு, டேபிள் மூன்றையும் ஒரே எழுத்து முறைக்குக் கொண்டு வந்து அவன்தான் சரி செய்தான். அந்த நல்ல காரியம்தான் இப்போது கழுத்துக்கு வந்தது.

"என் மெஷின்ல நல்லா ஓடுச்சு சார்..." என்றான் திருதிருவென்று விழித்தபடி. உலகத்தில் யாரும் நம்பாத வாக்கியம் அது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புதுப் பையன் சார். நான் பார்த்துக்கறேன்." பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் அன்றைக்கு நினைப்பு.

அவன் செய்ததையெல்லாம் பழையபடி மாற்றினோம். மறுபடி கேள்விக்குறிகள் வந்தன. ஸைட் மறுபடி உறைந்தது.

இதற்கு நடுவில் போன். காலேஜ் ஆபீஸில் எங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் குரல். "பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணுங்க. இன்டர்நெட் சென்டர்ல நிக்கிறேன். அஞ்சு மணி பஸ்ஸை விட்டா ராத்திரிதான். இன்னிக்கு வேலைக்கும் போவல."

"பத்து நிமிஷம் ஐயா" என்றேன்.

ஸைட் ஓடிய நாற்பது நிமிஷத்தில் அவருக்கு முன்னால் கியூவில் இருந்தவர்கள் கட்டினார்கள். அவர் முறை வரும்போது உறைந்துவிட்டது. மறுபடி போன். மறுபடி "பத்து நிமிஷம் ஐயா." அஞ்சு மணி பஸ் போய்விட்டது.

ஏழரை மணிக்கு நான் கூடுதல் மெமரி போட யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி மட்டும் லாக் பைலை வைத்துக்கொண்டு எதையோ படித்தபடி இருந்தான். ஜாவா கீழே விழுந்தால் எங்கே, எப்படி விழுந்தேன் என்று நூறு வரிக்குப் புலம்பும். நாங்களெல்லாம் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு கூகுளில் போடுகிற ஜாதி.

"அண்ணே, முதல் வரியைப் பார்க்காதீங்க. 'இதனால்தான்', 'இதனால்தான்'னு அடுக்கிக்கிட்டே போகுதுல்ல... கடைசி 'இதனால்தான்' எதுவோ, அதுதாண்ணே நிஜக் காரணம்."

படித்தேன். 'கனெக்‌ஷன் கிடைக்கவில்லை. 30,000 மில்லி விநாடி காத்திருந்து கைவிட்டேன்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி. அரை நிமிஷம் சக்கரம் சுற்றியது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது.

டேட்டாபேஸைத் தொடுகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கனெக்‌ஷன் வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்தால் நேரமாகும் என்று பத்து செய்து வைத்து, மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். எடுத்தவர் வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். பத்தே டம்ளரை வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்குக் காபி கொடுக்கிற சாமர்த்தியம் இது. குடித்தவர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும்!

"அப்ப இருபதாக்கிடு!" என்றேன். ஆக்கினான். நாற்பது நிமிஷத்துக்குப் பதில் எண்பது நிமிஷம் தாங்கியது. அவ்வளவுதான்.

எட்டு மணிக்குப் பெரியவர் மறுபடி பேசினார். கோபமே இல்லை. "கடை மூடறாங்க தம்பி. பரவால்ல, விடுங்க." எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பது மணிக்குத் தம்பி ஒரு காரியம் செய்தான். ஒரு நிமிஷத்துக்கு மேல் கனெக்‌ஷனை வைத்துக்கொண்டு திருப்பாதவர் யார் என்று காட்டிக் கொடுக்கும் வசதி ஒன்று உண்டு. வழக்கமாக அணைந்தே இருக்கும். அதைப் போட்டுவிட்டான். பத்தே நிமிஷத்தில் குற்றவாளியின் பைல் பெயரும் வரி எண்ணும் திரையில்!

நகல் ரசீது எடுக்கும் பகுதி. எழுதிய வருஷம் 2014. எழுதிய ஆசாமி... நான்.

விஷயம் இவ்வளவுதான். மாணவர் போன் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அந்த இடத்தில் மேற்படி 'நல்' தடுக்கிவிடும். உடனே புரோகிராம் 'கேட்ச்' என்கிற இடத்துக்குத் தாவும். கனெக்‌ஷனைத் திருப்பி வைக்கிற வரியோ தாவலில் விடுபட்ட இடத்தில்! சரி, தாவிய இடத்தில் 'இன்ன தப்பு நடந்தது' என்றாவது எழுதி வைத்தேனா? அதுவும் இல்லை. காலியாக விட்டிருந்தேன். அப்புறம் எழுதலாம் என்று. அதாவது, "இதோ..."

அஞ்சு வருஷமாக இது ஏன் தெரியவில்லை? சாதாரண நாளில் அப்படித் தொலைவது ஒன்றோ ரெண்டோ. தினம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஸைட்டைத் தானாக நிறுத்தி ஓடவிடும்படி ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். பத்து டம்ளரும் அலமாரிக்கு வந்துவிடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதைச் செய்த புண்ணியவானும் நான்தான். கடைசி நாள் கூட்டத்தில் மட்டும் அந்த ஜம்பம் பலிக்கவில்லை.

2011-ல் வந்த ஜாவா 7-லேயே, வேலை முடிந்தாலும் சரி, நடுவில் தடுக்கினாலும் சரி, எடுத்ததைத் தானாகத் திருப்பி வைக்கும் வசதி வந்துவிட்டது. நான் எழுதியது மூணு வருஷம் கழித்து. சாக்குச் சொல்லவும் வழியில்லை.

தம்பி என் பெயரைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"டீ சாப்பிட்டுட்டு வந்து மாத்திடலாமாண்ணே?" என்றான்.

பத்தேகாலுக்கு ஸைட் எழுந்தது. அப்புறம் விழவில்லை. மானேஜர் போனில், "என்னப்பா, பையன் செஞ்ச கோளாறுதானே?" என்றார். "சரியாயிடுச்சு சார்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற அவனுக்கும் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுதாமல் காலியாக விட்ட 'கேட்ச்' மாதிரியே இருந்தது அந்தப் பதிலும். தப்பு நடந்தது, சத்தமில்லாமல் முழுங்கியாகிவிட்டது.

மறுநாள் காலை மானேஜரிடமிருந்து எல்லாருக்கும் மெயில்: 'புதியவர்கள் செய்யும் மாற்றங்களை மூத்தவர்கள் கவனமாகப் பார்க்கவும்.' நான் எல்லாருக்கும் பதில் போட்டேன். நாலே வரி. எழுத நாற்பது நிமிஷம் ஆயிற்று. தப்பு 2014-ல் நான் எழுதியது, கண்டுபிடித்தது தம்பி, அவன் செய்த தமிழ் எழுத்து மாற்றத்தை இன்றே திரும்பப் போடுகிறோம், இப்படிக்கு.

மானேஜர் ஒரு வாரம் என்னிடம் அளந்து பேசினார். தம்பி மட்டும், "எதுக்குண்ணே இதெல்லாம்..." என்றான். ஆனால் அன்றைக்குத்தான் அவன் மூணு மாதத்தில் முதல் தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

காலேஜ் ஒரு நாள் அவகாசம் கொடுத்தது. பெரியவர் மறுபடி பஸ் ஏறி வந்து கட்டியிருப்பார். ஃபீஸுக்குக் கெடு நீட்டலாம். ரெண்டு நாள் கூலியை யார் கொடுப்பது? அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கடைசி 'இதனால்தான்' வரைக்கும் படி. 'கேட்ச்'சைக் காலியாக விடாதே. நிறுத்தி ஓடவிட்டதும் சரியாகிவிட்டதென்றால் சந்தோஷப்படாதே, பயப்படு. யார் கை வைத்தது என்று கேட்பதற்கு முன்னால், உன் கையைப் பார்த்துக்கொள்.

தம்பி என் மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டினான்: 'குடித்த டம்ளரைத் திருப்பி வைக்கவும்.' நானும் கிழிக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மனைவி ஆபீஸுக்கு வந்தாள். பொரி, சுண்டல் பொட்டலத்தோடு என் ஸீட்டுக்கு வந்தவள் அந்தச் சீட்டை ரெண்டு தடவை படித்தாள். பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப... இங்கேயும் இப்படித்தானா?"