முள் ஆடுதா பாஸ்?

பாஸ், பாயின்ட் வச்ச பழைய புல்லட் உதைச்சு உதைச்சும் ஸ்பார்க் தரலையா? 'காயில் போச்சு'ன்னு யார் சொன்னாலும் உடனே பர்ஸைத் திறக்காதீங்க! சாவியைப் போட்டு, ஆம்மீட்டரைப் பார்த்துக்கிட்டே கிக்கரை மெதுவா அமுக்குங்க. பாயின்ட் மூடினா முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்தா நடுவுக்கு வரும். அப்படித் திறந்து கரன்ட் அறுபடுற நொடியிலதான் ஸ்பார்க்கே பிறக்குது. (செமஸ்டர் முழுக்கப் படிச்ச ஃபாரடே எனக்குப் புரிஞ்ச இடம் இதான்!)

முள் சாய்ஞ்சே கிடந்தா பாயின்ட் திறக்கலை; இடைவெளி 0.35 - 0.40 மி.மீ. இருக்கணும். அசையவே இல்லேன்னா பேட்டரி, ஃபியூஸ், இல்லே பாயின்ட்ல கரி. அப்பா எடைக்குப் போட நினைச்ச எங்க வண்டியில கரிதான். உப்புத்தாளால ரெண்டு தேய்... டுப்பு டுப்புன்னு கிளம்பிடுச்சு! முள் ஒழுங்கா ஆடியும் ஸ்பார்க் இல்லேன்னா பிளக், ஒயர், கண்டென்சர்... கடைசியாதான் காயில். பாயின்ட் அடிக்கடி கருகுதா? கண்டென்சரைப் பிடிங்க.