எங்கள் மாணவன் செய்த கேமும் ஜப்பான்காரன் விற்ற கேமும்

கொஞ்சம் நீளமான பதிவு. தவணைப் பரீட்சை வினாத்தாள் திருத்தி முடித்த களைப்பில் எழுதுகிறோம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலையில் பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை. தெமோதரைப் பக்கத் தோட்டம். ஐசிடி அறையில் ஒழுங்காக ஓடுகிற நாலைந்து கணினிகளில் ஒன்றைப் பிடித்து, ஸ்க்ரெச்சில் ஒரு கேம் செய்திருந்தான். கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா மலை ஏறுவார். அட்டைகள் நெளிந்து நெளிந்து வரும். காலில் ஏறினால் ஓர் உயிர் போகும். வழியில் சவர்க்காரக் கட்டி கிடைத்தால் கொஞ்ச நேரத்துக்கு அட்டை கிட்ட வராது. நிறுக்கிற நேரத்துக்குள் கூடை நிறையாவிட்டால் திரையில் "அரைப் பேர்" என்று விழும். தோட்டத்தில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த வார்த்தை வரும்.

பார்த்து ரசித்துச் சிரித்தோம். பிறகு, ஆசிரியர்கள் நாங்கள் வழமையாகச் செய்கிற வேலையைச் செய்தோம். "மகன், போட்டிக்கு அனுப்பப் போறோம். கொஞ்சம் ஸ்டேன்டர்டா மாத்து." அம்மாவை எடுத்துவிட்டு ஓர் இளவரசி. அட்டைக்குப் பதில் டிராகன். தலைப்பு ஆங்கிலத்தில். பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை. "சரி சேர்" என்று மாற்றிக்கொண்டு வந்தான்.

போட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை, அது பரவாயில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அவனுடைய தாய் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். கணினித் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த வெள்ளக்காரப் புள்ள யாரு சேர்? என்னையத்தான் போட்டிருக்கேன்னு சொன்னான்?"

எங்களுக்குப் பதில் வரவில்லை.

தொண்ணூறுகளில் பதுளையில் வளர்ந்தவர்களுக்கு டிவி கேம் ஞாபகம் இருக்கும். கெசட்டை வாயால் ஊதி ஊதிப் போடுவோம். வாப்பா செய்தி பார்க்க வருமுன் வயரைக் கழற்றி ஒளிப்போம். அதில் காளான் மிதித்து ஓடுகிற மீசைக்காரன் மாரியோவை நாங்கள் அமெரிக்கக்காரன் என்றே நினைத்திருந்தோம். அவனைச் செய்தது ஜப்பானின் கியோட்டோவில் இருக்கிற நின்டென்டோ கம்பனி. எங்கள் வீட்டுப் பெட்டி அவர்களுடைய பெட்டியின் கள்ளப் பிரதி என்பதும் பிறகுதான் தெரிந்தது. பெயர்கூட அவர்களுடைய அமெரிக்கக் கிளைக்குக் களஞ்சியசாலை வாடகைக்குக் கொடுத்த மாரியோ சேகாலி என்பவருடையது. 1981இல் "டொங்கி கொங்" வந்தபோது ஆளுக்கு ஜம்ப்மேன் என்றுதான் பெயர்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடி வாசித்தோம். 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. விற்காத கெசட்டுகளை அட்டாரி கம்பனி நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தது. கடைக்காரர்களுக்கு வீடியோ கேம் என்ற சொல்லே பிடிக்காத காலம். அதே வருஷம் ஜப்பானில் நின்டென்டோவின் ஃபேமிகொம் அமோகமாக விற்கத் தொடங்கியது. 1985இல் அதை நியூயோர்க்கில் இறக்கியபோது வெளித்தோற்றத்தையே மாற்றினார்கள். பெயர் "என்டர்டெய்ன்மென்ட் சிஸ்டம்". கெசட் போடுவது வீடியோ டெக்கில் போடுவதுபோல முன்பக்கத்தால். கூடவே விளையாட்டுச் சாமான் என்று காட்ட ஒரு குட்டி ரோபோ; அது வேலை செய்தது இரண்டே இரண்டு கேமுக்கு. விற்காததை நாங்களே திருப்பி எடுக்கிறோம் என்று கடைக்காரர்களுக்கு வாக்கும் கொடுத்தார்கள். நல்ல வியாபாரி, அல்ஹம்துலில்லாஹ், பஸார் வீதியில் கடை போட்டாலும் பிழைத்திருப்பான்.

ஆனால் உள்ளே ஓடின மாரியோ, ஜப்பான் பிள்ளைகள் விளையாடின அதே மாரியோதான். எங்களைக் குத்தியது இந்த இடம். பெட்டியை மாற்றுவது ஒன்று. நாங்கள் மாற்றச் சொன்னது அந்தப் பிள்ளையின் தாயை.

அவர்களும் அளவு மீறின இடங்கள் உண்டு. "ரொக்மேன்" என்ற நீலநிறச் சிறுவன் அமெரிக்காவில் "மெகா மேன்" ஆனான்; அங்கே பெட்டியில் போட்ட படத்தில் கையில் துப்பாக்கியோடு, வயிற்று வலி வந்தவன்போல ஒரு நடுத்தர வயது ஆள் நிற்கிறார். "ஏஸ் அட்டர்னி" என்ற நீதிமன்றக் கேமின் கதையை ஜப்பானிலிருந்து லொஸ் ஏஞ்சலீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் வருகிற பெண்ணுக்குப் பிடித்த ராமென் சூப் பர்கர் ஆகிவிட்டது. பிந்திய பாகங்களில் ஜப்பானியக் கிராமமும் கோயிலும் வர, இவை லொஸ் ஏஞ்சலீசுக்கு எப்படி வந்தன என்று சமாளிக்க மொழிபெயர்த்தவர்கள் பட்ட பாடு வேறு. ஒரு பொய் சொன்னால் ஒன்பது பொய் தேவைப்படுமே.

இன்னொன்று "யகுசா". (ரவுடிக் கும்பல் கதை, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு எங்களை ஏசாதீர்கள்.) 2006இல் மேற்கே அனுப்பும்போது ஹொலிவூட் நடிகர்களைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசவைத்தார்கள். பெரிதாக எடுபடவில்லை. இரண்டாம் பாகத்தில் ஜப்பானியக் குரலையே விட்டுவிட்டு, கீழே ஆங்கில எழுத்து மட்டும் போட்டார்கள். ஆட்கள் மெதுமெதுவாகத்தான் சேர்ந்தார்கள். 2017இல் "யகுசா 0" போனபோது தோக்கியோ சந்தும் கரவோக்கேயும் அப்படியே இருந்தன, வெள்ளைக்காரர்கள் அதற்காகவே வாங்கினார்கள். 2022இல் மூலப் பெயரின் பொருளான "லைக் எ டிராகன்" என்பதையே மேற்கிலும் வைத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். முதல் பாகம் போய்ப் பதினாறு வருஷம்.

எல்லா மாற்றமும் பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1998இல் வந்த "செல்டா" கேமில் நெருப்புக் கோயில் ஒன்றின் பின்னணி இசையில் எங்கள் தொழுகை ஓதலைப் போன்ற ஒலி இருந்தது. ஒரு கூட்டத்தின் சின்னமாகப் பிறையும் நட்சத்திரமும் இருந்தன. பின்னர் வந்த பதிப்புகளில் இரண்டையும் மாற்றினார்கள். அடுத்தவன் மனம் நோகாமல் மாற்றுவது அதபு. தன்னுடையதைப் பார்த்து வெட்கப்பட்டு மாற்றுவதை அதோடு சேர்க்க முடியாது.

இதெல்லாம் ஊவாவில் இருக்கிறவர்களுக்குப் புதுக் கதையா? ஹப்புத்தளைக்குப் போனால் லிப்டன் சீட்டில் ஏறி செல்ஃபி எடுக்கிறோம். 1890இல் வந்து தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய அந்த மனுஷன், தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கேத்தலுக்கு என்று விளம்பரம் போட்டு, சின்னச் சின்னப் பெட்டியில் அடைத்து உலகம் முழுக்க விற்றார். உலகத்துக்கு அவர் பெயர் தெரியும், மலையின் பெயர் தெரியாது. ஜப்பானிலோ டார்ஜிலிங், சீனத்துக் கீமன், எங்கள் ஊவா என்று மூன்றையும் உலகின் மூன்று பெரும் தேயிலைகள் என்கிறார்கள். பெட்டியில் ஊவா என்றே போட்டு விற்கிறார்கள். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கிற காய்ந்த காற்றில் இலைக்கு ஏறுகிற அந்த வாசம் அவர்களுக்கு வேண்டும். அதை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

போன கிழமை பிள்ளையைக் கூப்பிட்டோம். "மகன், நாங்க பிழையாச் சொல்லிட்டோம். பழைய கேம் இருக்கா?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான், "அழிக்கல சேர். பென்ல இருக்கு."

திரும்பவும் போட்டுப் பார்த்தோம். அம்மா மலை ஏறினார். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், கீழே சின்னதாக ஆங்கிலத்தில் விளக்கம் போடுவோம் என்று முடிவு. இணையத்தில் ஏற்றினால் எந்த நாட்டுப் பிள்ளையும் விளையாடலாம். எங்களுக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது: அட்டையே பார்த்திராத வெளிநாட்டுப் பிள்ளைக்குச் சவர்க்காரம் எதற்கென்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு விளக்கப் பக்கம் வைப்போமா என்று கேட்டோம்.

"வேணாம் சேர்," என்றான். "ரெண்டு தரம் செத்தா வெளங்கிரும்."