43 விநாடித் துண்டிப்பும் தரவுத்தளப் பணியாளரும்

ஒரே தரவைப் பல கணினிகளில் வைத்து, அவை யாவும் சேர்ந்து ஒரே தரவுத்தளமாக இயங்குமாறு அமைப்பதைக் கிளஸ்டர் என்றும், அதிலுள்ள ஒவ்வொரு கணினியையும் கணு என்றும் துறையினர் வழங்குவர். இவற்றைப் பேணும் டிபிஏக்கள் எனப்படும் தரவுத்தளப் பணியாளர்களின் பணியிடத்துக்குச் செல்லும் பார்வையாளர் அங்கு இயந்திரங்களைக் காண்பது அரிது. சர்வர்கள் பெரும்பாலும் வேறோர் ஊரில் இருக்க, மேசைமேல் சில திரைகளும் அவற்றில் ஓடும் வரைபடங்களுமே இருக்கும். பணியாளரின் கண் அடிக்கடி சென்று நிற்பது ‘லேக்’ எனப்படும் எண்ணில். முதன்மைக் கணுவில் எழுதப்பட்ட தரவு நகல் கணுவுக்கு வந்து சேர எவ்வளவு பிந்துகிறது என்பதை அது விநாடிக் கணக்கில் காட்டும்.

எழுதும் வேலையை முதன்மைக் கணுவுக்கும், படிக்கும் வேலையை நகல்களுக்கும் பிரித்தனுப்புவது லோடு பேலன்சர். சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கணுவையும் வினவி, விடை தராததை அது வரிசையிலிருந்து நீக்கிவிடும். ஆனால் விடை தருவதாலேயே ஒரு கணு நலமாக இருப்பதாகக் கொள்ள இயலாது; லேக் மிகுந்த கணு பழைய தரவைத் தயங்காமல் தந்துகொண்டிருக்கும் என்பதால், தேர்ந்த பணியாளர் லேக்கையும் அந்தச் சோதனைக்குள் சேர்த்தே எழுதுகிறார். மூன்று கணுக்கள் தலா 70 விழுக்காட்டுச் சுமையில் ஓடும்போது ஒன்று விழுந்தால், எஞ்சிய இரண்டின் மீதும் தலா 105 விழுக்காடு ஏறும் என்ற எளிய கணக்கைச் செலவைக் குறைக்க முனையும் நிர்வாகங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

ஒரு கணு மௌனமாகும்போது, அது செயலிழந்துவிட்டதா, இணைப்பு மட்டும் அறுந்ததா என்பதை மற்றவற்றால் உறுதியாக அறிய முடியாது. எனவே மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று எனப் பெரும்பான்மை கூடினால்தான் புதிய முதன்மைக் கணுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி வகுக்கப்பட்டது. இப்பெரும்பான்மையே குவோரம்.

இவ்விதி பிழையின்றிச் செயல்பட்டும் பணியாளருக்குப் பெரும் இடர் விளையக்கூடும். 2018 அக்டோபர் 21 அன்று, உலகப் பொது நேரம் 22:52க்கு, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழுதான ஒளியிழைச் சாதனம் ஒன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்பின்போது, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தின் முதன்மைத் தரவு மையத்துக்கான இணைப்பு 43 விநாடிகள் துண்டிக்கப்பட்டது. அதன் மைஎஸ்கியூஎல் தரவுத்தளக் கிளஸ்டர்களைக் கண்காணித்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்னும் மென்பொருள், எஞ்சிய இடங்களில் குவோரம் கூடியதும் மேற்குக் கரைக் கணுக்களை முதன்மையாக்கிவிட்டது. இணைப்பு மீண்டபோது, மேற்கை இன்னும் அடைந்திராத பதிவுகள் கிழக்கில் தங்கியிருந்தன. மேற்கிலோ புதியவை குவியத் தொடங்கியிருந்தன.

23:02க்குள் நிலையை ஆராய்ந்த பொறியாளர்கள், ஆர்க்கெஸ்ட்ரேட்டர் காட்டிய அமைப்பில் மேற்குக் கரைச் சர்வர்கள் மட்டுமே இருக்கக் கண்டனர். பழைய முதன்மைக்கு உடனே திரும்பியிருந்தால் தளம் விரைவில் சீராகியிருக்கும். ஆனால் மேற்கில் அதற்குள் பதிவான பயனர் தரவு பறிபோயிருக்கும். தளம் மெதுவாக இயங்கினாலும் தரவு நிலைக்கட்டும் என்று முடிவெடுத்து, சில சேவைகளைத் தாமே நிறுத்திவைத்து, பல டெராபைட் அளவிலான காப்புப் படிகளிலிருந்து கிழக்குக் கணுக்களை மீட்டெடுக்கும் நெடிய பணியில் அவர்கள் இறங்கினர். சேவை முழுமையாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடங்கள் ஆயின. இத்தகைய முடிவே தரவுத்தளப் பணியின் உண்மையான தேர்ச்சி எனலாம். கணுவை மாற்றும் வேலையையோ மென்பொருளே நொடிகளில் முடித்திருந்தது.

சுமை மிகுந்த கிளஸ்டர் ஒன்றில் மட்டும், மேற்கை அடையாத பதிவுகள் 954 இருந்தன. எவற்றைத் தானியங்கியாக ஒப்பிட்டுச் சேர்க்கலாம், எவற்றுக்குப் பயனரையே அணுக வேண்டும் என்று பின்னர் ஆராயப்பட்டது. ஒரு வட்டாரத்தின் முதன்மைக் கணுவை மற்றொரு வட்டாரத்துக்குத் தானே மாற்றும் உரிமையை ஆர்க்கெஸ்ட்ரேட்டரிடமிருந்து விலக்கிக்கொள்ளவும் அந்நிறுவனம் முடிவுசெய்தது.